உறங்குகிறவன் சாட்சி அல்ல

இலக்கியம் ஒரு நோய்க்குப் பெயர் கொடுத்த கதை இது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ (1836–37) நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன். வேலைக்கு நடுவிலும் தூங்குவான், குறட்டை விடுவான், விழித்தால் தின்பான். வாசகனைச் சிரிக்க வைக்கத்தான் அவன். 1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் சகாக்களும் பருமனும் பகல் தூக்கமும் கொண்ட ஒருவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்நிலையை ‘பிக்விக்கியன்’ என்றார்கள். சீட்டாட்டத்தில் ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போன மனிதர் அவர். பெயரோடு சேர்ந்து, ‘தின்னுட்டுத் தூங்குறவன்’ என்கிற ஒழுக்கத் தீர்ப்பும் மருத்துவச் சொல்லாடலுக்குள் நுழைந்துவிட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

1965இல் பிரான்சில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் இத்தகையவர்களின் உறக்கத்தைக் கருவிகளால் பதிவுசெய்தார்கள். உறக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றது. தொண்டை அடைபடுகிறது, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது, ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே இரவில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கலாம். சோம்பேறி என்று பெயர் வாங்கியவன் உண்மையில் தூங்கவே இல்லை, அவ்வளவுதான்.

கனவுக்கும் உடலுக்குமான கதை வேறு. உறக்கத்தில் இயக்கத்தின் வாசல் மூடியிருப்பதால் கனவு ஆபத்தற்றது என்று 1900இல் ஃபிராய்டு எழுதினார். அந்த வாசல் மூளைத்தண்டில் இருப்பதை, அதே 1965இல், லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளிடம் காட்டினார். மூளைத்தண்டின் ஒரு பகுதியைச் சிதைத்ததும், அவை கனவுத் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையின்மேல் பாய்ந்தன. மனிதரிடமும் இது உண்டு என்று 1986இல் மினியாபொலிஸில் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் பதிவுசெய்தார்கள். 5 பேர், அதில் 4 பேர் ஆண்கள், எல்லோரும் வயதானவர்கள்.

இங்கேதான் சாட்சி யார் என்ற கேள்வி வருகிறது. கனவில் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறான்; பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு அது அடிதான். மூச்சு நின்றதையும் கை ஓங்கியதையும் முதலில் அறிந்தவள் அவள். ஆனால் வரலாற்றில் நிற்பவை மருத்துவர்களின் பெயர்கள். அவள் சொன்னது வெறும் ‘தகவல்’ ஆகிவிட்டது.

அவள் சாட்சியும் தனியே போதாது. 2005இல் பார்சிலோனாவில் இரான்சோவும் சாந்தாமரியாவும் 16 பேரைப் பற்றி எழுதினார்கள். கெட்ட கனவு, கத்தல், உதை எல்லாம் இருந்தன. ஆனால் கனவுத் தூக்கத்தில் தசைகள் முறைப்படி தளர்ந்தே இருந்தன. மூச்சு அடைத்து விழிக்கும் கணத்தில்தான் உடல் துள்ளியது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய, மூக்கு வழியே காற்றழுத்தம் தரும் சிகிச்சையில் கத்தலும் உதையும் அடங்கின. மற்ற வகையோ வேறு இடத்துக்கு இட்டுச்செல்லும்: ஷெங்க் குழுவினர் தொடர்ந்து கவனித்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நடுக்குநோய் வந்திருந்ததை 1996இல் அறிவித்தார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால், ஒரே வரிக்கு இரண்டு உரையாசிரியர்கள் இரண்டு பொருள் சொல்வது எனக்குப் பழக்கம். இங்கே உரை மாறினால் ஒரு மனிதனின் எதிர்காலமே மாறுகிறது. அவன் கோபக்காரன், அடக்கிவைத்த ஆசை வெளிவருகிறது என்று வியாக்கியானம் செய்வதற்கு முன்னால், பக்கத்தில் படுத்தவளைக் கேட்க வேண்டும். பிறகு அந்த இரவைப் பதிவுசெய்ய வேண்டும். அர்த்தம் தேடுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.