வலதுகரையில் ஓர் ஊர்: வட்டக்கச்சியின் நிலமும் நீரும்

இலங்கையின் வன்னிப் பகுதியில், வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது கனகராயன் ஆறு. அதை மறித்துக் கட்டியது இரணைமடுக் குளம். குளத்தின் வலதுகரை வாய்க்காலை நம்பி எழுந்தது வட்டக்கச்சி. இவ்வூருக்கு எல்லை வகுத்தது வாய்க்கால்தான்; கிராம அலுவலர் பிரிவுகளெல்லாம் பிறகு வந்தவை.

மண் மிகப் பழையது. இப்பகுதிச் செம்மண்–பரல் படிவத்துக்கு இரணைமடுவின் பெயரையே புவியியலாளர் சூட்டினர். நாட்டின் தெற்குக் கடற்கரையில் பூந்தலவில் கற்காலக் கருவிகள் கிடைத்த படிவத்துக்கும் அதே பெயர்தான். ஊரோ இளையது. 1885இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் திட்டம் வரைந்த குளத்துக்கு 1902இல்தான் வேலை தொடங்கியது. 1948க்கும் 1977க்கும் இடையில் அணைக்கட்டு மும்முறை உயர்த்தப்பட்டது. கட்டு உயர உயரக் காடு வயலாயிற்று. காணி போதாத யாழ்ப்பாணக் குடும்பங்கள் 1950களில் இங்கே காடு வெட்டின.

குடியேற்றத் திட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வயற்காணி ஒன்றும் மேட்டுக்காணி ஒன்றும் தந்தது. கனடாவின் கியூபெக்கில் சென் லோறன்ஸ் ஆற்றங்கரை ஊர்களிலும் காணியை நீரே அளந்தது: ஆற்றைப் பார்த்தபடி ஒடுங்கிய நீளத் துண்டுகள், அவற்றின் தலைப்பில் வீடுகள். அங்கே கமக்காரன் வாசலிலிருந்தே தன் நிலத்தில் இறங்குவான். இங்கே வீடு மேட்டில், வயல் பள்ளத்தில்.

காலபோகம் மழையை நம்பியது, அதில் வாதம் குறைவு. குளத்து நீரை நம்பிய சிறுபோகந்தான் ஊரின் அரசியல். குளத்தில் எத்தனை அடி நீர் என்று பார்த்து, கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர் என்று தீர்மானித்துப் பங்கிடுவார்கள். வாய்க்கால் தலைப்புக்காரருக்கும் கடைக்கோடிக்காரருக்கும் உள்ள பிணக்கை நானறிந்த எந்த ஊர் வரலாறும் எழுதவில்லை, எழுதவேண்டியது அதைத்தான்.

1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத்தவர் பலர் வன்னிக்கு வந்தனர். போரால் நேர்ந்த 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே திரண்டு வந்தது. போரின் இறுதிக்கட்டத்தில், 2009 தொடக்கத்தில் ஊர் முழுவதும் கிழக்கே நடந்தது. மீள்குடியேறியவர்கள் பற்றைக்குள் தம் வரம்பைத் தேடினார்கள்.

பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தது. ஒருகாலம் ஆட்களை அனுப்பிய குடாநாடு இப்போது தண்ணீர் கேட்டது. சிறுபோகம் சுருங்கிவிடும் என்று கமக்காரர் எதிர்த்தனர். அவர்களின் கணக்கு பிழையென்று எனக்குத் தோன்றவில்லை. குளம் புனரமைக்கப்பட்டு 2018இல் திறக்கப்பட்டது. இரணைமடு நீருக்கு மாற்றாக, குடாநாட்டுக் குடிநீருக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேடப்பட்டது.