ரயிலை இழுத்த மின்சார பிக்கப், ட்ரெயிலரோடு தூரம் போக முடியாமற் போனது ஏன்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

2019 ஜூலையில் அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் ஒரு வீடியோவை வெளியிட்டது. இரட்டைத் தட்டு ரயில் பெட்டிகள் பத்தை, பரீட்சார்த்தமாகச் செய்யப்பட்ட ஒரு மின்சார எஃப்-150 பிக்கப் தனியே இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு அதே பெட்டிகளுக்குள் 42 பிக்கப் வாகனங்களை ஏற்றிவிட்டு மறுபடியும் இழுக்கிறது. மொத்த நிறை பத்து இலட்சம் இறாத்தலுக்கு மேல். நம் கணக்கில் 450 தொன்னைத் தாண்டும்.

2022இல் அந்த வாகனம் 'லைட்னிங்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2025 டிசம்பரில், முழு மின்சார லைட்னிங் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அதே போர்ட் அறிவித்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் ராம் நிறுவனமும் தனது முழு மின்சார பிக்கப் திட்டத்தைக் கைவிட்டிருந்தது. விலை அதிகம் என்பது ஒரு காரணம். மின்சார வாகனங்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்துவந்த 7,500 டொலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30உடன் நின்றுபோனது இன்னொன்று. ஆனால் ஆரம்பத்திலிருந்தே பாவனையாளர்கள் ஓயாமல் சொல்லிவந்த முறைப்பாடு வேறு. பின்னால் ட்ரெயிலரைக் கொழுவினால் போகக்கூடிய தூரம் பாதியாகிவிடுகிறது, சில வேளை பாதிக்கும் குறைவாகிவிடுகிறது என்பதுதான் அது.

450 தொன் ரயிலை அசைத்த வாகனத்துக்கு நாலு தொன் ட்ரெயிலர் எப்படிச் சுமையானது? இதற்குப் பதில் தேட நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

*1914, டெட்ராய்ட்*

அந்த வருடம் டெட்ராய்ட் நகரில் ஒரு மர வியாபாரி தன் படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வழி தேடினார். ஒகஸ்ட் ப்ரூஹோஃப் என்ற கொல்லரிடம் போனார். அவர் ஒரு வண்டியைச் செய்து, வியாபாரியின் போர்ட் மொடல்-டி காரின் பின்னால் கொழுவிக் கொடுத்தார். அந்தப் படகு வண்டியிலிருந்துதான் ப்ரூஹோஃப் ட்ரெயிலர் கம்பனி பிறந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் செமி-ட்ரெயிலர் லொறிகளின் வரலாற்றில் அந்தக் கொல்லருக்கு நிலையான இடம் இருக்கிறது.

அதே 1914 ஜனவரியில் ஹென்றி போர்ட் இன்னொரு செய்தியை உறுதிப்படுத்தினார். தோமஸ் எடிசனோடு சேர்ந்து மலிவான மின்சாரக் கார் ஒன்றைச் செய்யப்போகிறோம் என்றார். போர்ட்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் ஒரு 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' மின்சாரக் கார்தான். பெற்றோல் காரை உலகுக்கே மலிவாக்கிய மனிதரின் வீட்டில் நின்றது பற்றரிக் கார்!

எடிசன்–போர்ட் கார் சந்தைக்கு வரவேயில்லை. டெக்சாஸில் 1901இல் பெருக்கெடுத்த எண்ணெய் பெற்றோலை மலிவாக்கியிருந்தது. 1912இல் கெடிலக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை ஒழிந்தது. மின்சாரக் காரின் பெரிய அனுகூலம் ஒன்றை ஒரு சிறிய மின்சார மோட்டாரே பறித்துக்கொண்டது.

*தோற்காத மின்சார லொறிகள்*

மின்சாரம் அன்றே எல்லா இடத்திலும் தோற்றுவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகர மின்சாரக் கம்பனி 1910 முதல் 1924 வரை ஒரு சேவை நடத்தியது. வியாபாரி மின்சார லொறியைப் பற்றரி இல்லாமல் வாங்குவார். பற்றரி மின்சாரக் கம்பனிக்குச் சொந்தம். சார்ஜ் இறங்கியதும் நிலையத்துக்குப் போய், நிறைந்த பற்றரியை மாற்றிக்கொண்டு வரலாம். அந்தச் சேவையில் லொறிகள் மொத்தம் அறுபது இலட்சம் மைலுக்கு மேல் ஓடின. சிகாகோவின் வோக்கர் கம்பனி 1940களின் தொடக்கம் வரை மின்சார லொறி செய்தது. இங்கிலாந்தில் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் கொடுத்த மின்சார வண்டிகள் அதற்குப் பின்னும் பல தசாப்தங்கள் ஓடின.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. தினமும் போகும் பாதை தெரிந்தது, தூரம் குறைவு, வேகம் குறைவு, இரவில் வண்டி தன் கொட்டகைக்குத் திரும்பிவிடும். பாதை நீண்டு வேகம் கூடிய இடத்தில்தான் பற்றரி பின்வாங்கியது.

*பலம் வேறு, சேமிப்பு வேறு*

இப்போது ரயில் வீடியோவுக்கு வருவோம். அதில் பொய் இல்லை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தன் முழு முறுக்குவிசையையும் கொடுக்கும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்வதால் தடை மிகக் குறைவு. இழுத்த தூரம் சுமார் 300 மீற்றர், அதுவும் மெதுவாக. பலத்தைக் காட்ட அது போதும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது சொல்லாது.

லைட்னிங் வாகனத்தின் பெரிய பற்றரி 131 கிலோவொற் மணி. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 கிலோவொற் மணி சக்தி இருக்கிறது. ஆகவே அந்தப் பெரிய பற்றரி முழுவதிலும் இருப்பது சுமார் 15 லீற்றர் பெற்றோலின் சக்திதான். மின் மோட்டார் பெற்றோல் எஞ்சினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிக்கனமானது என்பதால், அந்தப் 15 லீற்றர் 45 லீற்றரின் வேலையைச் செய்யும். வெறுமனே ஓடினால் 320 மைல், அதாவது 515 கிலோமீற்றர் கிடைக்கும்.

ஆனால் பெற்றோல் எஃப்-150க்கு 136 லீற்றர் தாங்கியும் வாங்கலாம். ட்ரெயிலர் கொழுவினால் அதற்கும் எரிபொருள் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். தாங்கி பெரிதாக இருப்பதால் ஓட்டுநருக்கு அது உறைப்பதில்லை. குறைந்தாலும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மின்சார வாகனத்துக்கு வேகச் சார்ஜரில் 15 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு வர 40 நிமிடம் அல்லது அதற்கு மேல் வேண்டும். பெரும்பாலான சார்ஜிங் நிலையங்கள் கார் தரிப்பிடம் போலவே அமைக்கப்பட்டவை. ட்ரெயிலரோடு உள்ளே நுழைய முடியாது. கழற்றி ஓரமாக வைத்து, சார்ஜ் ஏற்றி, திரும்பக் கொழுவ வேண்டும். குதிரையோ மாடோ ஏற்றிய ட்ரெயிலராக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

*எதிரி நிறையல்ல, காற்று*

சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது, உயரமான ட்ரெயிலரை இழுப்பதில் பெருஞ்செலவு நிறையால் வருவதல்ல. முன்னால் இருக்கும் காற்றைப் பிளப்பதற்குத்தான் பெரும்பங்கு போகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 65 மைலிலிருந்து 55 மைலுக்கு இறக்கினாலே அந்தத் தடை சுமார் 28 சதவீதம் குறைந்துவிடும்.

இது பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. 1934இல் ஹோலி பவுலஸ் 'ரோட் சீஃப்' என்ற அலுமினிய ட்ரெயிலரைச் செய்தார். அவர் கிளைடர் விமானங்கள் கட்டியவர். லிண்ட்பெர்க் அத்லாந்திக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தையும் மேற்பார்வை செய்தவர். அவரது ட்ரெயிலர் மீன் உடம்பு போல வழவழப்பாக இருக்கும். 1936இல் வந்த எயார்ஸ்ட்ரீம் கிளிப்பரும் அதே சாயல். அன்றைய கார்களுக்குப் பலம் குறைவு என்பதால் ட்ரெயிலர் காற்றுக்கு வழிவிட வேண்டியிருந்தது. பின்னாளில் எஞ்சின்கள் பெருத்தன, எண்ணெய் மலிவாகவே கிடைத்தது. பெரும்பாலான ட்ரெயிலர்கள் பெட்டி வடிவத்துக்கு மாறின. இன்று மின்சார பிக்கப் இழுப்பது, மலிவு எண்ணெய்க் காலத்தில் வடிவமைத்த அந்தப் பெட்டியைத்தான்.

*மூன்று வழிகள்*

முதல் வழி, பற்றரியைப் பெரிதாக்குவது. செவ்ரொலே சில்வராடோ மின்சார பிக்கப் 200 கிலோவொற் மணிக்கு மேற்பட்ட பற்றரியோடு வந்தது. 2024 மாதிரிகளில் ஒன்று 450 மைல் ஓடியது. பாதியானாலும் 225 மைல் மிச்சம். ஆனால் பெரிய பற்றரி போட்ட வாகனத்தின் நிறையே நான்கு தொன்னை நெருங்குகிறது, விலையும் அப்படித்தான்.

இரண்டாவது வழி, பற்றரியோடு ஒரு சிறு மின்பிறப்பாக்கியையும் வைப்பது. சக்கரத்தை மின் மோட்டார் சுழற்றும், எஞ்சின் மின்சாரம் மட்டும் செய்யும். போர்ட்டும் ராமும் இப்போது திரும்பியிருப்பது இதற்குத்தான். அடுத்த லைட்னிங் 700 மைலுக்கு மேல் போகும் என்கிறது போர்ட். இது புதிய யோசனையல்ல. இளைஞராக இருந்த பெர்டினண்ட் போர்ஷே 1900இல் செய்த 'செம்பர் விவுஸ்' கார் இதே முறையில் ஓடியது. டீசல் ரயில் எஞ்சின்களில் பெரும்பாலானவையும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

மூன்றாவது வழி ட்ரெயிலரைத் திருத்துவது. ட்ரெயிலருக்கே பற்றரியும் மோட்டாரும் கொடுத்து, அது தன் சுமையில் ஒரு பங்கைத் தானே சுமக்கச் செய்வது. எயார்ஸ்ட்ரீம் 2022இல் இப்படி ஒரு மாதிரியைக் காட்டியது. லைட்ஷிப் என்ற புதிய கம்பனி 2023இல் இன்னொன்றைக் காட்டியது. பவுலஸ் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள் என்று சொல்லலாம்.

*அப்படியானால் எதிர்காலம்?*

என் கணிப்பு இதுதான். காலையில் புல்வெட்டும் இயந்திரங்களை ட்ரெயிலரில் ஏற்றி நகருக்குள் 60 மைல் சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்பும் தோட்ட வேலைக்காரருக்கு மின்சார பிக்கப் இன்றே பொருந்தும். அது ஹார்ட்ஃபோர்ட் லொறியின் வேலை. இரண்டு மாநிலம் கடந்து மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயிக்குப் பற்றரி மட்டும் உள்ள வாகனம் இன்னும் பொருந்தாது. அவருக்கு மின்பிறப்பாக்கி உள்ளது வேண்டும், அல்லது டீசலே போதும். இரண்டு பேரும் செய்வது 'இழுவை'தான். ஆனால் இரண்டும் ஒரே வேலையல்ல. வீடியோவும் விளம்பரமும் இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டியதால் நட்டப்பட்டவர் இரண்டாவது ஆள். அவருக்கு அது விளையாட்டு வாகனம் அல்ல. கடன் எடுத்து வாங்கிய பிழைப்பு. அவர் ஏமாந்த கதை பரவ, முதலாவது ஆளும் பயந்துபோய் வாங்காமல் விடுகிறார்.

இலங்கையில் 2025இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு நம் வீதிகளிலும் மின்சார வாகனங்கள் பெருகிவிட்டன. நாம் கரவன் இழுப்பதில்லை என்றாலும் வாங்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "எவ்வளவு பலம்?" என்று மட்டும் விசாரிக்காதீர்கள். என் சுமையோடு, என் பாதையில், என் வேகத்தில் எவ்வளவு தூரம் போகும், திரும்ப நிரப்ப எங்கே நிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பார்த்த பிறகு கையொப்பமிடுங்கள்.

மின்சார வாகனம் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். குறிப்பாகச் சுமையேற்றி மலைநாட்டுப் பக்கம் போனவர்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்றத்தில் செலவாகும் சக்தியில் எவ்வளவு இறக்கத்தில் திரும்பப் பற்றரிக்கு வருகிறது என்பதை இன்னொரு பதிவில் பார்க்கலாம்.