தோலில் எழுதிய எழுத்து

"எல்லாம் என் தலையெழுத்து!"

தமிழ் வீடுகளில் இந்த வாக்கியம் ஒலிக்காத நாள் கிடையாது. பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப் போனாலும் தலையெழுத்து. கிணறு வெட்டப் போய்ப் பாறை கண்டாலும் தலையெழுத்து. ஆனால் இப்படிச் சொல்லும்போது யாரும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று நெற்றியைத் தடவிப் பார்ப்பதில்லை. அங்கே எதுவும் தெரியாது என்பது நமக்குத் தெரியும். ஒரு வகையில் பிரமதேவன் மிகுந்த தாட்சண்யம் உள்ளவன். எழுதுவதை எழுதினான், அதை அண்டை வீட்டார் படிக்காதபடி எழுதினான்.

இதே நாட்டில், அண்டை வீட்டார் படிக்க வேண்டும் என்பதற்காகவே மனிதர்களின் நெற்றியில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அங்கே எழுதியவன் பிரமன் அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி.

அந்தக் கதையை இன்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஓவியக் கல்லூரி மாணவர்கள் இப்போது ஒரு சோதனை செய்து பார்க்கிறார்கள். இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து, படம் காட்டும் கருவியின் மூலம் எழுத்துக்களை அவருடைய முதுகிலும் தோளிலும் முகத்திலும் ஒளியாக விழச் செய்கிறார்கள். காகிதத்தில் விறைப்பாக நிற்கும் எழுத்து தோளில் வளைகிறது. மூச்சு விட்டால் ஏறி இறங்குகிறது. கழுத்துப் பள்ளத்தில் பாதி மறைந்து போகிறது. புதுமையான காரியந்தான். ஆயினும் மனிதன் தன் தோலில் எழுத்தை ஏற்றிப் பார்க்கும் ஆசை மிகப் பழையது. விளக்குக்கும் அந்த ஆசைக்கும் உள்ள உறவும் பழையது. இதை அறிந்துகொள்ளத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அந்த ஊர் எழுத்துக்களின் ஊர். அண்ணாமலையார் கோயிலின் கற்சுவர்களில் சோழர் காலம் தொட்டு எத்தனையோ கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்னார் இன்ன நிலம் கொடுத்தார், இன்னார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார் என்று கணக்குச் சொல்லி, இந்தத் தர்மம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வேண்டும் என்று முடிப்பது அக்காலக் கல்வெட்டுகளின் வழக்கம். கல்லில் எழுதுகிறவனுக்கு அந்த ஆசை இருப்பது நியாயம். கல் மாறாது; அதில் எழுதியதும் மாற வேண்டியதில்லை.

அதே கோயிலைச் சேர்ந்த இன்னொரு எழுத்தின் கதை எல்லோரும் அறிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், வாழ்க்கை வெறுத்துப் போய்க் கோபுரத்தின் மேலிருந்து விழுந்தாராம். முருகன் கையில் ஏந்திக் காப்பாற்றி, தன் வேலின் நுனியால் அவர் நாவில் ஆறெழுத்தை எழுதினானாம். திருப்புகழ் பிறந்த கதை இது. மனித உடம்பில் தெய்வம் எழுதிய எழுத்து! அது மட்டுமல்ல, அதே அருணகிரிநாதர் தம் கந்தரலங்காரத்தில் ஓர் ஆச்சரியமான செய்தி சொல்கிறார். முருகனுடைய பாதம் தம் தலைமேல் பட்டதாம்; பட்டதும் பிரமன் அங்கே எழுதியிருந்த கையெழுத்து அழிந்து போயிற்றாம். அன்று எழுதினவன் அழித்து எழுதுவானா என்று உலகம் கைகட்டி நிற்கும்போது, எழுதினவன் அழிக்காவிட்டால் என்ன, அழிக்க வேறொருவன் உண்டு என்று சொன்ன துணிச்சல் அது. இந்த வரலாறு முழுவதிலும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தத் துணிச்சலைத்தான்.

திருவண்ணாமலைக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் பதினொரு நாட்கள் எரிந்து அடங்கிய பிறகு, கொப்பரையில் படிந்த கரியைச் சேகரித்து மையாக்குவார்கள். மார்கழித் திருவாதிரையன்று நடராஜப் பெருமானுக்கு அதைச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். அவர்கள் அதை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். இரவு முகம் கழுவினால் போய்விடும். போனால் போகட்டும், மறுநாள் இட்டுக்கொள்ளலாம். இட்டுக்கொள்வதும் கழுவிக்கொள்வதும் அவரவர் விருப்பம்.

கழுவினாலும் போகாத விளக்குக் கரி ஒன்று உண்டு. அதுதான் பச்சை.

ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறத்தியர் எப்படி மை தயாரித்தார்கள் என்பதை 1909-ஆம் ஆண்டில் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்திய சாதிகளைப் பற்றிய நூல் விவரிக்கிறது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். ஊசியால் அதைத் தோலுக்குள் இறக்குவார்கள். நம்முடைய மேல்தோல் சுமார் ஒரு மாதத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் ஊசி அதற்கும் கீழே உள்தோல் வரை போய்க் கரியைச் சேர்த்துவிடுவதால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. உள்ளே இருப்பது கறுப்பு; தோலின் வழியாகப் பார்க்கும்போது நீலம் பாய்ந்த பச்சையாகத் தெரிகிறது. பெயர்க் காரணம் இதுதான்.

அந்தக் காலத்துப் பாட்டிமார் கைகளில் கோலம் இருக்கும், தேள் இருக்கும், சில கைகளில் கணவன் பெயரும் இருக்கும். வாயால் சொல்லக் கூடாத பெயரைக் கை சொல்லிக்கொண்டிருந்தது! வலித்திருக்கும், கண்ணில் நீர் வந்திருக்கும். ஆனாலும் கேட்டுக் குத்திக்கொண்டது, காசோ நெல்லோ கொடுத்துக் குத்திக்கொண்டது. கட்டளை என்று வரும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. 1970-களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் ஆசையோடு குத்திக்கொண்டார்கள். கட்சிக்குள்ளேயே சிலர் மறுத்தார்கள். தலைவரிடத்தில் அன்பு இருக்கலாம். கை யாருடையது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லையே!

இனிக் கம்பெனியின் கதைக்கு வருவோம்.

1797-ஆம் ஆண்டில் வங்காளத்தில் கம்பெனி அரசு ஒரு விதியை வகுத்தது. ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் பெயரையும், குற்றத்தையும், தண்டனை பெற்ற நாளையும் பச்சை குத்த வேண்டும் என்பது அந்த விதி. "கோத்னா" என்று அதற்குப் பெயர். வடநாட்டுப் பெண்கள் அலங்காரத்துக்காகக் குத்திக்கொள்ளும் பச்சைக்கு வழங்கிய சொல்லையே தண்டனைக்கும் வைத்துக்கொண்டார்கள். பின்னர் சென்னை மாகாணத்துக்கும் அது வந்து சேர்ந்தது. கைதி தப்பி ஓடினால் கண்டுபிடிக்க வேண்டுமே என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அவன் சாகும்வரை, அவனைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அவனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் குற்றத்தைப் படித்துவிடுவார்கள்.

இப்படி எழுதப்பட்டவர்களில் பலரைக் கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்பினார்கள். பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கைதிகள் போனார்கள். அவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இன்றும் நின்று பார்க்கிற வெள்ளை வெளேரென்ற புனித ஆண்ட்ரூ தேவாலயம், 1856-ல் அஸ்திவாரம் போட்டு, இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அந்தச் சுவரின் வழவழப்புக்குக் காரணம் சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு. சுவரில் ஒரு கீறல் இல்லாமல் தேய்த்து மெருகேற்றிய மனிதர்களில் எத்தனை பேர் தங்கள் நெற்றியைத் தலைப்பாகையால் மறைத்துக்கொண்டு வேலை செய்திருப்பார்கள்! கைதிகள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி அந்த எழுத்தை மறைக்கப் பார்த்தார்கள் என்பது வரலாறு கூறும் செய்தி. பாகைக்குள் ஒரு மனிதனுடைய மானம் ஒளிந்திருந்தது.

1849-ல் சட்டம் இயற்றி இந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியது எழுதுவதை மட்டுந்தான். ஏற்கெனவே எழுதியதை எந்தச் சட்டம் அழிக்கும்? கம்பெனியே 1858-ல் அதிகாரத்தை இழந்தது. அதன் கொடி இறங்கியது, முத்திரை மறைந்தது. ஆனால் கம்பெனியின் கையெழுத்து மட்டும் யாரோ சில கிழவர்களின் நெற்றியில், அவர்கள் சிதையில் எரியும்வரை, மண்ணில் மறையும்வரை இருந்தது. தண்டனை கொடுத்தவனைவிடத் தண்டனை நீண்ட நாள் வாழ்ந்தது!

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. முதல் விதி பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1897-ல், அதே கல்கத்தாவில் உலகத்தின் முதல் கைரேகைக் காரியாலயம் தொடங்கியது. ஒவ்வொரு மனிதனின் விரல் நுனியிலும், யாரும் குத்தாமலே, ஒருவருடையதைப் போல் மற்றொருவருக்கு இல்லாத ஓர் எழுத்து இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். ஆளை அடையாளம் காண வேண்டுமானால் அதைப் படித்தாலே போதும். அது "இவன் இன்னார்" என்று மட்டும் சொல்லும். "இவன் இப்படிப்பட்டவன்" என்று சொல்லாது. நெற்றியில் ஊசி ஏற்றியது அடையாளத்துக்காக அல்ல, அவமானத்துக்காகவே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அத்துடன் அந்தப் பாவம் தொலைந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1993 டிசம்பரில், சுதந்திர இந்தியாவில், பஞ்சாபின் அமிர்தசரசில் போலீசார் நான்கு பெண்களின் நெற்றியில் "ஜேப்படித் திருடி" என்ற பொருள்பட எழுத்துக்களைப் பச்சை குத்தினார்கள். நீதிமன்றம் அந்தப் போலீசாரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது 2016-ல். இடையில் ஏறக்குறைய 23 ஆண்டுகள்! எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மணி? இரண்டு மணி?

இந்த இருட்டிலிருந்து ஓர் இருட்டறைக்கு வருவோம். அது சினிமா இருட்டு.

ஹங்கேரியில் பிறந்த மொகோலி நாகி என்ற கலைஞர் 1937-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். சாயத்தைப் போலவே ஒளியும் ஓவியனுடைய பண்டந்தான் என்பது அவருடைய போதனை. அந்தப் பள்ளியில் 1940-களில் படித்த மாணவர் ராபர்ட் பிரவுன்ஜான். பிற்காலத்தில் அவர் லண்டனுக்குக் குடிபோனார். 1963-ல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் பெயர்ப் பட்டியல் அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. நடிகர் பெயரையும் தொழில்நுட்பக் கலைஞர் பெயரையும் கறுப்புத் திரையில் காட்டுவதற்குப் பதிலாக, நடனமாடும் பெண்ணின் உடம்பின் மேல் ஒளியாக விழச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தயாரிப்பாளர்களுக்கு விளக்குவதற்காக அவரே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, படம் காட்டும் விளக்கின் முன்னால் நின்று ஆடிக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். விளக்குக்கு முன்னால் ஒரே தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். உடம்போ மேடும் பள்ளமுமானது, அதிலும் ஆடுகிற உடம்பு! ஓர் அடி முன்னே வந்தால் எழுத்து கலங்கும், ஓர் அடி பின்னே போனால் கரையும். ஆனாலும் அந்தக் கலக்கமே அழகாகிவிட்டது. இன்றைய மாணவர்களின் சோதனைக்கு இதுதான் நேர் மூத்த சகோதரன்.

நம் ஊரிலும் ஒரு தற்செயல் உண்டு. கோத்னாவை நிறுத்திய 1849-க்கு அடுத்த ஆண்டு, 1850-ல், டாக்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும், மனிதன் நெற்றியில் எழுதுவதை விட்ட மறு வருஷமே காகிதத்தில் வரையக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள் என்று எண்ணும்போது மனத்துக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது.

ஒளியால் எழுதுவதிலும் குறை சொல்லலாம். ஒரு பெண்ணின் உடம்பைப் பெயர்ப் பலகையாக்குவது என்ன கலை என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒளிதானே என்பதற்காக யாருடைய முதுகிலும் எதையும் எழுதிவிடலாமா? ஊசிக்குக் கேட்க வேண்டிய சம்மதத்தை விளக்குக்கும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் "போதும்" என்று சொல்லி எழுந்து இரண்டடி நகர்ந்தால், எழுத்து சுவரில் விழுந்துவிடுகிறது. தோல் பழையபடி தோலாக நிற்கிறது.

விளக்கு ஒன்றுதான். அதன் கரியை எடுத்து மனிதனுக்குள் இறக்கவும் முடியும். அதன் ஒளியை அவன்மேல் ஒரு கணம் வீழ்த்தி எடுத்துக்கொள்ளவும் முடியும். கல்லில் எழுதுகிறவர் சந்திரன் சூரியன் உள்ளவரை நிற்கட்டும் என்று எழுதலாம். மனிதன் கல் அல்ல. இன்று திருடியவன் நாளை தேவாலயம் கட்டுகிறான். கோபுரத்திலிருந்து விழுந்தவன் திருப்புகழ் பாடுகிறான். அப்படிப்பட்டவன்மேல் எழுதுகிற எவரும், அது பிரமனே ஆனாலும், அழிப்பதற்கு இடம் வைத்துத்தான் எழுத வேண்டும்.