காரீயமும் கைவிளக்கும்

சப்பிரகமுவை மாகாணம் என்றதும் இரத்தினபுரியின் மாணிக்கக் கற்களே பலருக்கு நினைவில் எழும். ஆயின், அம்மாகாணத்தின் மற்றொரு பகுதியாகிய கேகாலை மாவட்டத்திலே, மாணிக்கம்போல் மின்னாவிடினும் உலகம் தேடிவந்த பொருளொன்று நிலத்தினடியில் உண்டு. அதுவே காரீயம். போகலைச் சுரங்கத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட இக்கனிப்பொருள், தூய்மையிற் சிறந்தது. உருக்குத் தொழிலுக்குரிய மூசைகள் செய்வதற்கே அது பெரும்பாலும் கப்பலேறிற்று. எனினும், டோர்ச் விளக்கின் பட்டரிக்கும் காரீயத்துக்கும் நெருங்கிய உறவுண்டு.

1866ஆம் ஆண்டில் லெக்லாஞ்சே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், நாகம், கரிக்கோல், மங்கனீசீரொட்சைட்டு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றைக்கொண்டு ஒரு மின்கலம் அமைத்தார். மங்கனீசீரொட்சைட்டு மின்னை நன்கு கடத்தாது; ஆதலின் அதனுடன் காரீயத் தூளையோ வேறு கரித்தூளையோ கலத்தல் வேண்டும். ஆனால், சாடியில் நிறைந்த கரைசலைக் கையிலேந்தி இருளில் நடப்பது எங்ஙனம்? இருபது ஆண்டுகளின் பின்னர், ஜெர்மானியராகிய கார்ல் காஸ்னர் கரைசலைச் சிந்தாத பசையாக்கி நாகக் குவளைக்குள் அடைத்தார். உலர்கலம் பிறந்தது. 1899இல் டேவிட் மிசல் என்பார் அத்தகைய கலங்களை ஒரு குழாயினுள் அடுக்கி, முனையில் மின்குமிழைப் பொருத்திய கைவிளக்குக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். அக்காலத்துக் கலங்கள் வலுக்குன்றியவை, தொடர்ந்து எரியமாட்டா, மின்னி மின்னி ஓயும். ஆங்கிலத்தில் அவ்விளக்குக்குப் 'பிளாஷ் லைட்' என்ற பெயர் வாய்த்தது அதனாலேயே.

யட்டியாந்தோட்டை முதல் இறக்குவானை வரையிலான தோட்டங்களில் இருளோடு உழைப்பாளிக்கு நாள்தோறும் வழக்கிருந்தது. விடியுமுன்னரே பிரட்டுக்குச் செல்லல் வேண்டும். இறப்பர் மரத்தினுள்ளே நீரழுத்தம் மிகுந்திருப்பது அதிகாலையில். அப்பொழுதே பால் நன்கு வடியும். வெயிலேறினால் ஓட்டம் தணியும். ஆகவே, அட்டையும் பாம்பும் உலவும் சரிவுகளிலே மங்கலான வெளிச்சத்தில் நடந்தாக வேண்டும். வீடு திரும்பினால், லயக் காம்பராவில் துணித்திரியிட்ட குப்பி லாம்பு. அதன் புகை சுவரைக் கறுப்பாக்கியதுபோல் நெஞ்சையும் கறுப்பாக்கிற்று. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். அயலிலுள்ள இலக்சபானையில் மின்னிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அதன் பின்னரும் லயங்களிற் பல நெடுங்காலம் மண்ணெண்ணெயையே நம்பியிருந்தன.

குப்பி லாம்பு சரிந்தால் தீ. அதனால் எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாத தட்டையான, குட்டையான கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். மார்மைட் போத்தலின் வடிவே அவருக்கு வழிகாட்டியது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெருமைப்படத்தக்க செயலே, ஆயினும் அதுவும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கம்பியுமில்லை, குப்பியுமில்லை என்ற நிலை.

அந்நிலையில் கைகொடுக்கவல்லது எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி. 1962இல் நிக் ஹொலன்யாக் சிவப்பொளியைக் கண்டார். வெள்ளொளிக்கு நீலம் வேண்டியிருந்தது. அதற்கு முப்பதாண்டுகள் சென்றன. நீலத்தை ஈந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபெல் பரிசு கிட்டிற்று. பழைய டோர்ச்சின் இழைக்குமிழ் ஏறத்தாழ 300 மில்லி அம்பியர் மின்னை உண்ணும். அதிற் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். சிறிய வெள்ளை எல்.ஈ.டி.க்கு 20 மில்லி அம்பியர் போதும். முற்றத்துக்கு அப்பால் அதன் ஒளி எட்டாதுதான். எனினும், ஏட்டைப் படிக்கவும், படியில் இறங்கவும் போதுமானது.

அதனைச் செய்வதற்குத் தொழிற்சாலை வேண்டுவதில்லை. 1.5 வோல்ற்றுக் கலங்கள் இரண்டை ஒன்றன் தலை மற்றதன் அடியைத் தொடுமாறு தாட்குழலில் இறுக அடைத்தால் 3 வோல்ற்று கிடைக்கும், வெள்ளை எல்.ஈ.டி. கேட்பதும் ஏறக்குறைய அதுவே. அதன் நீண்ட கால் நேர்முனைக்கும், குறுங்கால் செப்புக்கம்பி வழியே எதிர்முனைக்கும் செல்லல் வேண்டும். கம்பியின் ஒரு நுனியை விரலால் அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். கலம் மூன்றானால் இடையே ஏறத்தாழ 75 ஓம் தடையொன்று அவசியம். இன்றேல் இருவாயி கருகும். இரண்டு கலங்களோடு கால்களை மாற்றிப் பொருத்திவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. ஒளி வராது, அவ்வளவே. திருப்பிப் பொருத்தினால் எரியும்.