ஆங்கிலத்தில் நற்பண்புச் சொற்கள்: ஒரு பொருண்மை வரலாறு

நல்லோரையும் நற்செயலையும் குறிக்க ஒரு மொழி கையாளும் சொற்கள், அம்மொழி பேசிய சமுதாயம் எவரை மதித்தது என்பதற்குச் சான்றாக நிற்பவை. ஆங்கிலத்தில் இன்று நற்குணத்தைச் சுட்டும் சொற்களுள் பல, தொடக்கத்தில் குணத்தைச் சுட்டியவை அல்ல. பிறப்பு, குலம், ஆண்மை, சமுதாய மதிப்பு ஆகியவற்றைச் சுட்டிய சொற்களே காலப்போக்கில் பண்புச் சொற்களாயின. பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் இச்சொற்களுக்கு இன்றைய பொருளையே கொள்ளும்போது பிழை நேர்கிறது. இச்சொற்களுள் சிலவற்றின் வரலாற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிறப்பிலிருந்து பண்புக்கு

அன்புடைமையைக் குறிக்கும் 'கைண்ட்' என்னும் பெயரடை, பழைய ஆங்கிலத்தில் 'இயல்பான, பிறப்பால் அமைந்த' என்னும் பொருளுடையது. உறவினரைக் குறிக்கும் 'கின்' என்பது இதற்கு இனமான சொல். தன் குலத்தாரிடம் ஒருவன் இயல்பாகக் காட்டும் பரிவே பின்னர் எவரிடமும் காட்டும் பரிவாக விரிந்தது. 'வகை, இனம்' என்னும் பழம்பொருள் பெயர்ச்சொல்லில் இன்றும் நிலைத்துள்ளது.

'ஜென்டில்' என்பதன் வரலாறும் இத்தகையதே. 'ஒரே குலத்தைச் சார்ந்த' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல், பிரெஞ்சில் 'உயர்குடிப் பிறந்த' என்றாகி, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. உயர்குடியினரிடம் எதிர்பார்க்கப்பட்ட நடத்தை முதலில் அச்சொல்லின் துணைப்பொருளாகவும், பின்னர் அதன் முதன்மைப் பொருளாகவும் ஆயிற்று. 'கைண்ட்', 'ஜென்டில்' ஆகிய இரண்டும் 'பிறத்தல்' என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. வடமொழியின் 'ஜாதி', 'ஜனம்' ஆகியனவும் அவ்வேரின் கிளைகளே.

இம்மாற்றம் பூசலின்றி நிகழவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய கான்டர்பரிக் கதைகளுள், பாத் நகரப் பெண் கூறும் கதையில், தன் தாழ்ந்த பிறப்பை இகழ்ந்த கணவனுக்கு முதியவள் ஒருத்தி விடையிறுக்கிறாள். உண்மையான உயர்குடிமை முன்னோர் வழி வருவதன்று, செயல்வழி வருவது என்பது அவள் வாதம். பழம்பொருள் வலுவாக நின்ற காலத்தில் புதுப்பொருளுக்காக எழுந்த குரலாக இதனைக் கொள்ளலாம். தகுதிநிலைச் சொற்கள் ஒழுக்கச் சொற்களாக மாறும் இப்போக்கினை சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட தம் சொல்லாய்வு நூலில் விளக்கியுள்ளார்.

உயர்ந்தோர் பெயர் நற்பண்பின் பெயரானபோது, தாழ்த்தி வைக்கப்பட்டோரின் பெயர் தீப்பண்பின் பெயராயிற்று. தமிழ்த் திரைப்பட வழக்கில் நன்கறியப்பட்ட 'வில்லன்' என்னும் சொல், நிலக்கிழாரின் பண்ணையைச் சார்ந்து உழைத்த குடியானவனையே முதலில் குறித்தது. அவன் செய்த தீமை எதுவும் இப்பொருள் மாற்றத்திற்குக் காரணமன்று. அவனைப் பற்றிப் பேசியோரும் எழுதியோரும் கொண்டிருந்த இகழ்ச்சியே சொல்லில் படிந்தது. எனவே உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு ஆகியவற்றை ஒலிமாற்றம் போல நடுநிலையான மொழி நிகழ்வுகளாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

2. ஆண்மையிலிருந்து அறத்திற்கு

'வர்ச்சூ' என்னும் சொல்லின் மூலம், ஆடவனைக் குறிக்கும் 'விர்' என்னும் இலத்தீன் சொல்லாகும். வடமொழியின் 'வீர' என்பது இதற்கு இனமானது. இலத்தீனில் ஆண்மை, போர்வீரம் ஆகியவற்றைச் சுட்டிப் பின்னர் உயர்பண்பு அனைத்தையும் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஆற்றல்' என்னும் பொருளும் நெடுங்காலம் வழங்கியது. மூலிகைக்கும் மணிக்கற்களுக்கும் 'வர்ச்சூ' உண்டு எனப் பழைய நூல்கள் கூறுவது இப்பொருளிலேயே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், இயேசுவின் ஆடையைத் தொட்டு நலம்பெற்ற பெண்ணைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதியில், அவரிடமிருந்து புறப்பட்டதாகக் கூறப்படும் ஆற்றலுக்கு இச்சொல்லே இடப்பட்டுள்ளது. அங்கு 'அறம்' என மொழிபெயர்ப்பது பொருளைக் கெடுக்கும். 'வல்லமை' என்பதே பொருந்தும். ஒருவர் தம் பதவியின் 'வர்ச்சூ'வினால் செயற்படுகிறார் என்னும் அலுவலக வழக்கிலும் பழைய ஆற்றற்பொருளின் எச்சமே உள்ளது. அறத்திற்கு அங்கு இடமில்லை.

ஆண்மையில் பிறந்த இச்சொல், பெண்டிர்க்கு வழங்கியபோது கற்பு என்னும் அளவில் சுருங்கியது. 'ஆனஸ்ட்' என்பதும் அவ்வாறே. 'மதிப்பிற்குரிய' என்னும் பொருளில் தோன்றிய அச்சொல், ஆடவரிடம் நேர்மையையும் பெண்டிரிடம் கற்பையும் சுட்டிற்று. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் இச்சொல் பெறும் பல்பொருளை வில்லியம் எம்சன் 1951இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இரு பாலார்க்கும் ஒரே தமிழ்ச்சொல்லை வழங்கினால் அந்நாடகத்தின் முரண் புலப்படாது.

தமிழிலும் இதனோடு ஒப்பிடத்தக்க நிலை உண்டு. புறநானூற்றில் சில இடங்களில் போர்வீரரைக் குறித்த 'சான்றோர்' என்னும் சொல், பிற்காலத்தில் பண்பால் நிறைந்தோரைக் குறித்தது. திருக்குறளின் 'சான்றாண்மை' அதிகாரம் இப்பண்புநிலையையே பேசுகிறது. ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில் 'அறம்' என்பதற்கு 'வர்ச்சூ' என்னும் சொல்லைக் கையாண்டார். அக்காலத்தில் ஒழுக்கப்பொருளே முதன்மை பெற்றிருந்தமையால் அத்தேர்வு பொருத்தமாயிற்று.

3. எதிர்த்திசையில் இரு சொற்கள்

எல்லாச் சொற்களும் உயரவில்லை. இன்று அறிவின்மையைச் சுட்டும் 'சில்லி', பழைய ஆங்கிலத்தில் 'பேறுபெற்ற' என்னும் பொருளுடையது. அதற்கு இனமான ஜெர்மன் சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்திலோ பேறுபெற்றவர் கள்ளமற்றவராகவும், கள்ளமற்றவர் இரங்கத்தக்கவராகவும், இறுதியில் பேதையாகவும் ஆயினர். 'நைஸ்' என்பது இதற்கு நேர்மாறானது. 'அறியாதவன்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்து, முதலில் பேதைமையைக் குறித்து, பின் நுட்பம், துல்லியம் என மாறி, 18ஆம் நூற்றாண்டில் இனிமையையும் சுட்டலாயிற்று. எதற்கும் இச்சொல்லையே வழங்கும் பழக்கத்தை ஜேன் ஆஸ்டின் தம் 'நார்த்தாங்கர் அபே' புதினத்தில் எள்ளி நகையாடுகிறார்.

4. முடிவுரை

மேற்கண்டவற்றால், ஒரு பண்புச்சொல்லுக்கு நிகரன் தேடுமுன் அது வழங்கிய காலம், சுட்டப்பட்டவரின் குலநிலை, பால் ஆகிய மூன்றையும் நோக்குதல் இன்றியமையாதது என்பது பெறப்படும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, பொருள்களைக் கால வரிசையில் மேற்கோளுடன் தருவதால் இதற்குப் பெரிதும் துணைபுரியும். ஆங்கில-தமிழ் அகராதிகளிலும் பண்புச்சொற்களுக்கேனும் காலக்குறிப்பு இடம்பெறுதல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத நிலையில், உழவனைக் குறித்த சொல்லைக் கொடியவன் என்றும், உயர்குடியினனைக் குறித்த சொல்லைப் பண்பாளன் என்றும் மொழிபெயர்த்து, பழைய காலத்தின் தீர்ப்பை அறியாமலே இன்றைய வாசகரிடம் சேர்க்க நேரும்.