கூறையும் ஒரு சான்று

1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் கண்டி அரசரின் முடியும் சிம்மாசனமும் இருக்கின்றன. எங்கள் அம்மம்மாமாரின் கூறைச் சேலைகளுக்கோ றங்குப் பெட்டிகளே நூதனசாலைகள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தைவிட்டு வெளியேறியபோது நகைகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டோம், பெட்டிகளை விட்டுவிட்டோம். திரும்பி வந்தபோது பல வீடுகளில் அவை இருக்கவில்லை.

எஞ்சியவற்றையேனும் காப்போம். பட்டும் சரிகையும் மடிப்பிலேதான் முதலில் இற்றுப்போகும். ஆகவே வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி, இடைக்கிடை மடிப்பை மாற்றுங்கள். உடுத்தவர் பெயர், ஊர், மணமான ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெயர் எழுதாத இரத்த மாதிரியை எங்கள் வைத்தியசாலை ஆய்வுகூடம் ஏற்பதில்லை. பெயரில்லாத கூறையும் வரலாற்றுக்குச் சாட்சி சொல்லாது.

நூற்றாண்டு காணும் எம் சங்கம் கல்லூரியில் ஓர் அலுமாரியை ஒதுக்கினால், எங்கள் அம்மம்மாவின் கூறையை முதலில் ஒப்படைப்போம்.