புள்ளி வைத்த ஸ்குரூ

மாம்புரிக் கரையில் போட் எஞ்சின் கழற்றுபவருக்கும் ரிமோட் கார் கழற்றும் நமக்கும் பிரச்சினை ஒன்றுதான். தலை தேஞ்ச ஒரு ஸ்குரூ போதும், அவருக்கு அன்றைய தொழில் போச்சு.

1936இல் அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற கூட்டல்குறி ஸ்குரூ உலகமெங்கும் பரவியது. ஜப்பான் தனக்கென்று ஜேஐஎஸ் என்ற தரத்தை வைத்துக்கொண்டது. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ஆனால் பிலிப்ஸ் நுனி ஜப்பான் ஸ்குரூவின் அடிவரை இறங்காது. பலமாகத் திருப்பினால் வழுக்கித் தலையை அரைத்துவிடும். பழி மட்டும் ஸ்குரூவுக்கு! தலையில் சின்னப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஜேஐஎஸ்.

1976இல் போர்ஷே 934 மொடலோடு ரிமோட் காருக்குள் வந்த தமியாவும் ஜப்பான் கம்பனிதான். பழைய அமெரிக்கக் கார்களிலோ அங்குல அளவு. 5/64 அங்குல எலன் கீ 1.98 மிமீ, 2 மிமீ துளைக்குள் போகும், மூலையைத் தின்னும்.

காசு கொஞ்சமென்றால் முப்பது துண்டு மலிவு செட்டை விடுங்க. நுனி கெட்டியான ஜேஐஎஸ் ட்ரைவர் ஒன்று, 1.5, 2, 2.5 மிமீ எலன் கீ. நாங்கள் இவற்றைத்தான் முதலில் வாங்குவோம்.